விதைக்கு நிற்கும் சேவல்

வலிகாமத்துச் செம்மண் தோட்டத்திலே வெங்காயம் கிண்டி முடிந்ததும் தோட்டக்காரன் முதலிற் செய்யும் வேலை யாதெனில், விதைக்கென நல்ல வெங்காயத்தைத் தெரிந்தெடுத்துப் பிடிபிடியாகக் கட்டி, வீட்டிலே காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுதலாகும். சந்தையில் விலை ஏறலாம். வீட்டிலே பணமுடை வரலாம். எனினும் விதைவெங்காயத்தில் அவன் எளிதிற் கை வைப்பதில்லை. விதையைத் தின்றவன் அடுத்த போகத்தில் எதை நடுவான் என்பது அவனுக்குத் தெரியும்.

அதே வீட்டின் வளவிலே, வேலிக் கதியாலின் கீழும் பூவரச நிழலிலும், பத்துப் பன்னிரண்டு கோழிகள் மேய்கின்றன. கோழி வியாபாரி படலையில் வந்து நின்று மணியடிக்கிறான். வீட்டுக்காரி வெளியே வருகிறாள். பிள்ளையின் கொப்பிக்கோ கடைக்கடனுக்கோ பணம் வேண்டியிருக்கிறது. வியாபாரியின் கண் வளவை ஒருமுறை சுற்றி வருகிறது. எந்தச் சேவல் மார்பு அகன்று, கால் தடித்து, மற்றவற்றினும் விரைவாக வளர்ந்து நிற்கின்றதோ, அதனையே அவன் காட்டுகிறான். அதுவே பிடித்துக் கொடுக்கப்படுகிறது. வியாபாரி வேண்டாமென்று விட்டுச் சென்ற மெலிந்த சேவலொன்று வளவில் எஞ்சுகிறது. அடுத்து அடைக்கு வைக்கும் முட்டைகளுக்கெல்லாம் அதுவே தந்தை.

வெங்காயத்தில் இவ்வளவு கருத்தாயிருக்கும் வீடு கோழியில் ஏன் இப்படித் தவறுகின்றது? கோழி தானாகப் பெருகும் பொருளென்ற எண்ணமே காரணம். பெருகுவது உண்மை. ஆனால் எது பெருகுகின்றது என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. ஊர்க்கோழி ஆண்டுக்காண்டு சிறுத்து வருகின்றதென்று முதியோர் குறைப்படுவதுண்டு. அந்தக் குறைக்குப் பெரும்பகுதி விடை படலையடியிலே நடக்கும் இந்தச் சிறிய வியாபாரத்தில் இருக்கின்றது.

ஊர்க்கோழி என யாழ்ப்பாணத்தார் வழங்குவது ஒரே அச்சில் வார்த்த இனமன்று. கருமை, செம்மை, புள்ளி, சாம்பல் என நிறம் பலவாகும். நெடுங்காலுடையவை உண்டு; குறுங்காலுடையவை உண்டு; தலையிலே இறகுக் குடுமி உடையவையும், இறகு சுருண்டு சிலிர்த்தவையும், கழுத்தில் இறகே இல்லாதவையும் உண்டு. இவற்றின் தொன்மை பெரிது. தொல்காப்பியத்து மரபியல் பறவைகளின் ஆண்பாலுக்குச் சேவல் என்னும் பெயரை வகுத்ததோடு, அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்குமே உரியதாக்கியது. வீட்டு முற்றத்திலே நாளும் திரிந்த பறவைக்குத் தனிப்பெயர் அமைந்ததில் வியப்பில்லை. கூகைக்கும் அதே பெயர் ஏன் அமைந்ததென்பதைப் புலவர்கள் ஆராயட்டும்.

உலகெங்கும் உள்ள வீட்டுக்கோழியின் முதல் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழி. ஆயினும் தென்னிந்தியாவின் சாம்பற் காட்டுக்கோழியும் தன் பங்கை அளித்துள்ளது. வீட்டுக்கோழிகள் பலவற்றின் தோலில் காணப்படும் மஞ்சள் நிறத்துக்குரிய மரபணு இந்தச் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்தே வந்ததென்று சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வொன்று 2008 ஆம் ஆண்டிலே காட்டிற்று.

இன்னுமொரு செய்தி யாழ்ப்பாணத்து வீட்டுக்காரிக்கு வியப்பளிக்கும். இந்தியாவிலே பழங்காலந்தொட்டுப் போருக்கென வளர்க்கப்பட்டது அசில் என்னும் சேவலினம். நிமிர்ந்த கழுத்து, அகன்ற நெஞ்சு, இறுகிய தசை அதன் இலக்கணம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அசில் கோழிகளை இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியார் தம் நாட்டுப் போர்க்கோழியோடும் மலாய்க் கோழியோடும் கலந்தனர். அவ்வாறு தோன்றிய இனத்துக்கு ‘இந்தியன் கேம்’ என்பதே முதற்பெயர். போர்க்களத்தில் அது சோபிக்கவில்லை. ஆனால் அறுத்துப் பார்த்தபோது அதன் நெஞ்சிலிருந்த இறைச்சிக்கு இணையான இறைச்சி வேறெந்தக் கோழியிலும் இல்லையெனக் கண்டனர். பின்னர் கோர்னிஷ் எனப் பெயர் பெற்ற அவ்வினம் அமெரிக்காவை அடைந்தது. 1948 ஆம் ஆண்டிலே அங்கே ‘நாளைய கோழி’ என்னும் பெயரில் நாடளாவிய போட்டியொன்று நடைபெற்றது. குறைந்த தீனில் விரைவாக நிறைந்த இறைச்சி தரும் கோழி எதுவென்பதே போட்டி. முதற்பரிசு பெற்ற கலிபோர்னியாக்காரரான சார்ல்ஸ் வான்ட்ரெஸ் கொண்டுவந்தது கோர்னிஷ் கலப்புக் கோழி. இன்றைய புறொயிலர் கோழியின் வழி அங்கிருந்து தொடங்குகின்றது. கீழைத்தேசத்துச் சேவலின் நெஞ்சே ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றிக்கொண்டு பெட்டியில் அடைத்த குஞ்சாகத் திரும்பி வந்திருக்கின்றது.

புறொயிலரை இகழ்வதனாற் பயனில்லை. ஆறு கிழமைக்குள் இரண்டு கிலோவும் அதற்கு மேலும் எடை வைக்கும் பறவை அது. நகரத்தாருக்கு மலிவாக இறைச்சி கிடைப்பது அதனாலேதான். ஆனால் அது தொழிற்சாலைக்குரிய பறவை. வாங்கிய தீன், வாங்கிய குஞ்சு, வாங்கிய மருந்து ஆகிய மூன்றும் தவறாது வந்துகொண்டிருந்தால்தான் வளரும். வளவிலே விட்டால் இரை தேடவும் பிராந்தைக் கண்டு ஒளியவும் அதற்குத் தெரியாது. அதன் முட்டையை அடைவைத்து இனத்தைத் தொடரலாமென்றால், குஞ்சு தாய்தந்தையைப் போல அமைவதுமில்லை.

மரபுக்கோழி என்பதற்கு அமெரிக்காவில் இத்தகைய இனங்களைக் காக்கும் சங்கத்தார் வகுத்த இலக்கணம் கவனிக்கத்தக்கது. மனிதர் துணையின்றித் தானே கூடி இனம்பெருக்க வேண்டும். பல ஆண்டு வளவில் நின்று வாழ வேண்டும். பதினாறு கிழமைக்கு முன்னர் இறைச்சிக்குரிய எடையை அடைதல் ஆகாது. மெதுவாக வளர்வது அங்கே குறையாக அன்றி நிபந்தனையாகவே சொல்லப்படுகின்றது. எலும்பும் உள்ளுறுப்பும் முதலில் வலுப்பெற்ற பின்னரே தசை ஏற வேண்டுமென்பது கருத்து. பிரான்ஸ் நாட்டிலே பிறெஸ் என்னும் பகுதியின் கோழிக்கு 1957 ஆம் ஆண்டிலே சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. அப்பகுதியிற் பிறந்து, புற்றரையில் மேய்ந்து, சோளமும் பாலும் உண்டு, இறுதி நாள்களிற் கூட்டில் அடைத்துக் கொழுக்கவைத்த கோழியையே அப்பெயரால் விற்கலாம். வேகம் குறைந்த பறவைக்கு விலை கூடியது. யாழ்ப்பாணத்திலும் ஊர்க்கோழிக்கு விலை கூடவே. ஆனால் அந்த விலைக்குரிய தகைமையை யாரும் காத்து வைக்கவில்லை.

அவ்வாறாயின் எந்த இனத்தை வளர்ப்பது? விளம்பரங்களைப் பார்த்து மயங்குவோர் பலர். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாப் பகுதியின் கடக்நாத் கோழிக்கு 2018 இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அதன் கரிய இறைச்சியின் புகழ் பெருகிற்று. நல்ல பறவைதான், ஆனால் முதிர்ந்த சேவலே இரண்டு கிலோவை ஒட்டி நிற்பது. எடைக்காக அதை நாடுவது பொருந்தாது. அசில் மூன்று நான்கு கிலோ வரை வளரும். ஆயினும் முட்டை சொற்பம். ஒரே வளவில் இரண்டு சேவல் நின்றால் ஒன்றே மிஞ்சும். கடந்த நூற்றாண்டின் நடுவிலே அரசாங்கப் பண்ணைகள் வாயிலாக இலங்கைக் கிராமங்களுக்குப் பரவிய வெள்ளை லெக்ஹோர்ன், றோட் ஐலன்ட் றெட் முதலியவை முட்டை எண்ணிக்கையை உயர்த்தியது உண்மை. ஆனால் குறிப்பாக லெக்ஹோர்ன் இரத்தம் கலந்த பேடுகள் அடைகிடக்கும் இயல்பை இழந்தன. அடைகிடவாத பேடு, குஞ்சு பொரிக்கும் பொறியில்லாத வீட்டில், ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும் செல்வமாகும். தமிழ்நாட்டுச் சிறுவிடைக் கோழி உருவத்திற் சிறிதெனினும், தாய்மையிற் சிறந்ததென்று வளர்ப்போர் மெச்சுவது அடைகிடக்கும் இக்குணத்துக்காகவே.

ஆகவே யாழ்ப்பாணத்து வளவுக்கு ஏற்ற மரபுக்கோழியைக் கடல் கடந்து தேட வேண்டியதில்லை. அது படலைக்குள்ளேயே நிற்கின்றது. அதற்குள்ளும் ஒருவகையைத் தனியே சொல்ல வேண்டும். கழுத்தில் இறகற்ற கோழியை வீட்டார் அழகில்லாததென்று முதலில் விற்றுத் தள்ளுவர். சிறுவர் அதைக் கழுகென்று பரிகசிப்பர். ஆனால் அந்தப் பண்பு ஒற்றை மரபணுவால் அமைவது. பெற்றோரில் ஒன்றிடம் இருந்தாலே பிள்ளைக்கு வரக்கூடியது. அப்பறவைக்கு உடல் முழுவதிலும் இறகு குறைவு. ஐந்திலொரு பங்கு தொடக்கம் ஐந்திலிரு பங்கு வரை குறைவென அளந்திருக்கின்றனர். இறகு புரதத்தால் ஆனது. இறகுக்குச் செல்லாத புரதம் தசைக்குச் செல்கின்றது. உடற்சூடும் எளிதில் வெளியேறுகின்றது. பங்குனி, சித்திரை வெயிலில் மற்றைக் கோழிகள் வாய்பிளந்து நிழலில் ஒதுங்கும்போது இது மேய்ந்துகொண்டிருக்கும். வெப்ப நாடுகளில் இறைச்சிக்காக இதனைத் தெரிந்து வளர்க்கும்படி அறிஞர் சொல்வது இதனாற்றான். முகத்தழகு பார்த்துச் சேவலைத் தெரிவது, நிறம் பார்த்து மாடு வாங்குவதைப் போன்றதே.

தெரிவு செய்யும் முறை கடினமானதன்று. குஞ்சுகள் எட்டுக் கிழமையை அடையும்போது சேவற்குஞ்சுகளைப் பிடித்துத் தராசில் நிறுத்து, முன்னிற்கும் மூன்று நான்கின் காலிலே நிறநூல் கட்டிவிட வேண்டும். பதினாறாவது கிழமையில் மீண்டும் நிறுக்க வேண்டும். இருமுறையும் முன்னின்றதே விதைக்குரியது. எடை மாத்திரம் போதாது. கால்கள் ஒன்றோடொன்று முட்டாமல் அகன்று நேராக நிற்கின்றனவா, நெஞ்செலும்பு வளைந்துள்ளதா, கண் தெளிவாக உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, அதன் தாய் எது என்று கேட்க வேண்டும். பொரித்த குஞ்சுகளில் அதிகமானவற்றைக் காப்பாற்றி வளர்த்த பேட்டின் மகனே தலைமகன். பேடு ஒன்று ஆண்டில் இருபது குஞ்சுக்குத் தாயானால், ஐந்து பேட்டுக்கு நடுவில் நிற்கும் சேவல் நூறு குஞ்சுக்குத் தந்தையாகின்றது. ஒரு சேவலைத் தவறாகத் தெரிவதன் விலை அவ்வளவு. எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். இரண்டாண்டு கழிந்ததும் அதனை மாற்றிவிட வேண்டும். இல்லையேல் தன் மக்களோடே கூடி இனம் நலியும். மாற்றுச் சேவலைச் சந்தையில் வாங்காது, இவ்வாறே தெரிந்து வளர்க்கும் வேற்றூர் உறவினரிடம் பண்டமாற்றாகப் பெறுதல் நன்று.

ஆயின், தெரிவதற்குப் பல குஞ்சுகள் இருந்தாலன்றோ தெரிவு? ஊர்க்கோழி வளர்ப்பின் உண்மையான இடர் இங்கேதான் இருக்கின்றது. இருபத்தொரு நாள் அடைகிடந்து பத்துக் குஞ்சோடு எழும் தாய், இரண்டு மாதம் கழிவதற்குள் ஐந்தை இழந்துவிடுவது வழக்கம். பிராந்து, கீரி, மரநாய், காகம், பாம்பு, மழை, நோய் எனக் காலன்கள் பலர். எஞ்சும் ஐந்தில் இரண்டோ மூன்றோ சேவல். அதில் எதைத் தெரிவது, எதை விற்பது? ஆகையால் குஞ்சைக் காப்பதே தெரிவின் முதற்படி.

முதல் நான்கு கிழமைக்குத் தாயையும் குஞ்சுகளையும் ஊர் சுற்ற விடலாகாது. பகலில் வேலியோரம் கிடுகால் மறைத்த சிறு அடைப்பு. இரவில் நிலத்திலிருந்து உயர்த்திய கூடு. கூடில்லாதவர் பெரிய கடகத்தாற் கவிழ்த்து மூடி மேலே கல் வைப்பதும் பழைய வழக்கமே. தீன் வாங்கப் பணமில்லாத வீட்டுக்கும் புரதம் கிடைக்கும் வழியொன்றை முன்னோர் கண்டிருந்தனர். பழம்பானையொன்றில் ஈரச் சாணமும் வைக்கோலும் இட்டு, மாலையிலே புற்றுள்ள இடத்திற் கவிழ்த்து வைத்தால், விடியலில் அது நிறையக் கறையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளின் முன்னே தட்டினால் அவை உண்ணும் விரைவைப் பார்த்துக்கொண்டேயிருக்கலாம். அரிசிக் குறுநல், குரக்கன், தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, துருவிய தேங்காயின் எச்சம், பொடியாக அரிந்த முருங்கையிலை ஆகியவை வீட்டிலேயே உள்ளவை. கரையோர ஊர்களிலே மீன்கழிவைக் காயவைத்து இடித்துக் கொடுப்பர். நல்லதே, ஆனால் இறைச்சிக்குரிய பறவைக்குக் கடைசி இரண்டு கிழமை அதை நிறுத்தாவிட்டால், கறியிலே மீன்வாடை வீசும்.

நோய்களில் ஊரையே வெறுமையாக்குவது ராணிக்கெற் எனப்படுவது. 1920களிலே இமயமலை அடிவாரத்து ராணிக்கெத் என்னும் ஊரிலே இனங்காணப்பட்டமையால் அப்பெயர் வந்தது. கோழி தூங்கி நிற்கும், பச்சையாய் வெள்ளையாய்க் கழியும், கழுத்துத் திருகும். மூன்று நான்கு நாளில் வளவு காலியாகும். வந்தபின் மருந்தில்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்தோ மலிவானது; குஞ்சின் கண்ணில் ஒரு துளி விட்டாற் போதும். பழைய மருந்துகள் குளிர் தவறினாற் கெட்டுவிடும் என்பதே கிராமத்தவருக்கு இருந்த தடை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீற்றர் ஸ்பிறட்புரோவும் அவர் குழுவினரும் வெப்பத்தை ஓரளவு தாங்கும் தடுப்பு மருந்தை ஊர்க்கோழிகளுக்கென்றே உருவாக்கினர். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பல கிராமங்கள் அதனாற் பயன்பெற்றன. யாழ்ப்பாணத்து வீட்டார் தம் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்திலே தடுப்பு மருந்தேற்றும் காலத்தைக் கேட்டறிந்து, அயலவர் ஐந்தாறு பேர் ஒருநாளிலே கூடிப் போட்டுக்கொள்வது சிக்கனம். மருந்துக் குப்பியொன்றில் நூற்றுக்கணக்கான கோழிக்குப் போதுமான அளவு இருக்கும். ஒரு வீட்டுக்கு அது மிகை.

இனிக் காலக்கணக்கு. இறைச்சிக்கோழி வளர்ப்போர் பிற நாடுகளிலே சந்தை நிலவரத்தைப் பார்ப்பர். யாழ்ப்பாணத்திலே பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். ஊர்ச்சேவல் கறிக்குப் பதமாவது ஏறத்தாழ ஆறு மாதத்தில். தை மாதத்திற் பொரித்த குஞ்சு ஆடியிற் பதமாகும். அப்போது நல்லூரிலே கொடி ஏறிவிடும். இருபத்தைந்து நாள் திருவிழாவில் எத்தனையோ வீடுகளிலே மச்சம் அடுக்களைக்குள் நுழையாது. சேவற்கொடியோன் வீதி வரும் நாளில் சேவலுக்கும் உயிர்ப்பிச்சை கிடைத்துவிடுகின்றது. வளர்த்தவர் அதற்கு மேலும் ஒரு மாதம் தீன் போட வேண்டும். சித்திரை பிற்பகுதியிலோ வைகாசியிலோ பொரித்த குஞ்சுக்கு இத்தொல்லையில்லை. சோழகக் காற்றில் வளர்ந்து, ஐப்பசியில் மழை இறங்குமுன் வலுப்பெற்று, தீபாவளிக்குச் சரியாகப் பதமாகும். தீபாவளியன்று யாழ்ப்பாணத்து வீடுகளிலே கறிச்சட்டி ஏறுவது மரபு. அமாவாசை கழிந்த மறுநாளே கந்தசட்டி விரதம் தொடங்குவதால், அந்தச் சந்தை இரண்டொரு நாளில் மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடைவைப்பதை மாத்திரம் தவிர்ப்பது நலம். நனைந்த குஞ்சு பிழைப்பது அரிது.

வேள்வி நடந்த கோயில்களுக்குச் சேவலை நேர்ந்துவிடும் வழக்கமும் குடாநாட்டில் இருந்தது. ஆறுமுக நாவலர் காலந்தொட்டே சைவப் பெரியோர் உயிர்ப்பலியைக் கண்டித்து வந்தனர். 2017 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண மேல் நீதிமன்றமும் கோயில்களில் மிருகபலிக்குத் தடைவிதித்தது. அது நிற்க. நேர்ந்துவிட்ட சேவலை எந்த வியாபாரிக்கும் விற்கமாட்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வளவின் மிகச் சிறந்த சேவல், நேர்த்திக்கடன் நிறைவேறும்வரை, பேடுகளுக்கு நடுவே தலைவனாய் நின்றது. பக்தி அறியாமலே செய்த இனத்தெரிவு அது. இன்று அந்தக் காவல் இல்லை. சேவலைக் காக்க வேறு காரணம் வேண்டியிருக்கின்றது.

காரணத்துக்குப் பஞ்சமில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுச் செல்வதன்றி வேறொன்றும் செய்ய இயலவில்லை. மீண்டு வந்தபோது பல வளவுகளிலே பற்றையே மிஞ்சியிருந்தது. 2009 இல் போர் ஓய்ந்தபின் வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் வழங்கப்பட்டன. நன்னோக்கந்தான். ஆயினும் பொறியிற் பொரித்து, வாங்கிய தீனிலே பழகிய குஞ்சு, தீன்பை முடிந்ததும் என் செய்யும்? 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கோழித்தீனின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது சிறு பண்ணைகள் பல மூடப்பட்டன. கறையானும் குறுநலும் தின்று வளரும் ஊர்க்கோழி அந்த நெருக்கடியை அவ்வளவாக உணரவில்லை. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் வாழும் குடாநாட்டிலே, வளவிற் சுற்றும் ஐந்து பேடும் ஒரு நல்ல சேவலும் சிறிய பொருளல்ல. அது வங்கிப் புத்தகமில்லாத சேமிப்பு.

அந்தச் சேமிப்பின் முதலைத் தொடாதிருப்பது எப்படி? பணமுடை உள்ளவளிடம் பெரிய சேவலை விற்காதே என்று சொல்வது எளிது. பிள்ளையின் கொப்பிக்கு யார் பணம் கொடுப்பது? இதற்கு ஏற்ற வழி, அயல்வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே விதைச்சேவலைப் பொதுவில் வைத்துக்கொள்வது. சேவலுக்கு வேலி ஒரு தடையன்று. ஒரு வீட்டின் சேவல் நின்றால், மற்ற இரண்டு வீடும் தம் சேவல்களையெல்லாம் விற்கலாம். நிற்கும் சேவலின் விலையை மூவரும் பங்கிட்டு அவ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை. இரண்டாண்டு கழிந்து அதுவும் சட்டிக்குப் போகலாம். முதிர்ந்த சேவலின் இறைச்சி கடினமாயினும், வறுத்த தூளிட்டு மெல்லிய நெருப்பிலே நெடுநேரம் வேகவைத்தால், அந்தக் குழம்பின் சுவையை ஆறு கிழமைக் கோழியிற் காண முடியாது.

தீபாவளிக்கு முதல் நாள் மாலையில் வியாபாரி மறுபடியும் வருவான். இம்முறை அவனது மோட்டார் சைக்கிளின் பின்னே கம்பிக்கூடு இருக்கும். அவன் பழைய வழக்கப்படி நெடிய, கழுத்தில் இறகற்ற, காலிலே சிவப்பு நூல் கட்டிய சேவலைக் காட்டுவான். மற்றவற்றைவிட நூறு ரூபா கூடத் தருவதாகவும் சொல்வான். வீட்டுக்காரி வேறு மூன்று சேவலைப் பிடித்துக் காலைக் கட்டி நீட்டுவாள். அவற்றை வாங்கிக் கூட்டிலிட்டு அவன் அடுத்த படலைக்குப் போகும்போது, சிவப்பு நூற் சேவல் பூவரசங் கதியாலின் மேலேறி நின்றுகொண்டிருக்கும்.